தொட்டியைக் கவிழ்த்த டாக்டர்



நம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது நோய்ச் செய்திகள்தான். கேரளாவில் நிபா, ஆப்பிரிக்காவில் எபோலா, எங்கோ ஒரு நாட்டில் புதிதாக ஒரு காய்ச்சல். எந்த ஊரில், எந்த நோய், எத்தனை பேருக்கு என்ற கணக்கு காப்பி ஆறுவதற்குள் நம் கைக்கு வந்துவிடுகிறது. கொரோனா காலத்தில் தொலைக்காட்சியில் தினமும் ‘ஆர் எண்’ என்று ஒன்றைச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? ஒன்றுக்கு மேலே போனால் நோய் பரவும், ஒன்றுக்குக் கீழே வந்தால் அடங்கும் என்பார்கள். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணக்கிட்டுச் சொன்னதைப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்குக்கு முதல் வரி எழுதியவர்களில் ஒருவர், நம் மதராஸ் ராஜதானியில் வேலைக்குச் சேர்ந்த ஒரு ராணுவ டாக்டர். பெயர் ரொனால்டு ராஸ். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று நிரூபித்தவர் என்ற அளவில் பள்ளிப் பாடத்திலேயே அவரை நமக்குத் தெரியும். கணக்குப் போட்ட ராஸை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. நாற்பது வருடம் லெட்ஜரோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு அந்த ராஸ்தான் நெருக்கமானவராகத் தோன்றுகிறார். ஆகவே இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

ராஸ் பிறந்தது இமயமலை அடிவாரத்து அல்மோராவில், 1857 மே 13. மீரட்டில் சிப்பாய்க் கலகம் வெடித்து மூன்றே நாள் ஆகியிருந்தது. அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி, பின்னால் ஜெனரல். பத்துப் பிள்ளைகளில் இவர் மூத்தவர். எட்டு வயதில் பையனைப் படிக்க இங்கிலாந்துக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பையனுக்குக் கவிதை, ஓவியம், இசை, கணிதம் எல்லாவற்றிலும் ஆசை. டாக்டர் படிப்பில் மட்டும் ஆசை இல்லை. ஆனால் அப்பா முடிவு செய்துவிட்டார். 1874இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனைக் கல்லூரியில் சேர்த்தார்கள். நம் வீடுகளில் நடக்காத கதை இல்லை இது. படிப்பில் பெரிதாக மின்னவில்லை. ஒரு பரீட்சையில் தேறி, இன்னொன்று மிச்சம் இருக்கும்போதே கப்பல் டாக்டராக அட்லாண்டிக்கில் போய் வந்தார். ஒருவழியாக 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, மதராஸ் பிரிவில் இடம் கிடைத்துக் கப்பல் ஏறினார்.

அடுத்த பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் மதராஸ், பெங்களூர், பர்மா, அந்தமான் என்று மாற்றல் மேல் மாற்றல். வங்கி வேலையில் இருந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை புரியும். வேலை குறைவு, நேரம் அதிகம். கவிதை எழுதினார், நாவல் எழுதினார், தானே புத்தகங்களை வாங்கி உயர்கணிதம் படித்தார். அந்தக் கணிதம் முப்பது வருடம் கழித்து வட்டியோடு திரும்பி வரும் என்று அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

இந்தக் காலத்தில் பெங்களூரில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு. 1883இல் அவருக்கு ஒதுக்கிய பங்களா நன்றாக இருந்தது, ஆனால் கொசுத் தொல்லை தாங்கவில்லை. பக்கத்து வீடுகளைவிடத் தன் அறையில் மட்டும் ஏன் இவ்வளவு என்று யோசித்துத் தேடினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி, அது நிறையப் புழு நெளிந்துகொண்டிருந்தது. தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். கொசு குறைந்துவிட்டது. மேலதிகாரியிடம் போய், மெஸ்ஸைச் சுற்றியுள்ள தொட்டி, பூச்சாடி எல்லாவற்றையும் இப்படியே செய்யலாமே என்றார். அதிகாரி மறுத்துவிட்டார். கொசுவையும் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் படைத்திருக்கிறது, இயற்கையின் ஒழுங்கில் நாம் கை வைக்கக் கூடாது, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது அவர் வாதம். நம் சங்கக் கூட்டத்தில் மொட்டைமாடித் தொட்டி மூடிகளைப் பற்றிப் பேசும்போது வரும் பதில்களை நான் இதோடு ஒப்பிடவில்லை. நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்போது கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு இருப்பது ராஸுக்கும் தெரியாது, உலகத்துக்கும் தெரியாது. ‘மலேரியா’ என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். சதுப்பு நிலத்துக் காற்றிலிருந்து காய்ச்சல் வருகிறது என்று நம்பினார்கள். 1880இல் அல்ஜீரியாவில் இருந்த லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணிக் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அந்தக் கிருமி ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்கு எப்படிப் போகிறது என்பது புதிராகவே இருந்தது. 1894இல் விடுமுறையில் லண்டன் போன ராஸ், பாட்ரிக் மேன்சன் என்ற மூத்த டாக்டரைச் சந்தித்தார். யானைக்கால் நோய்ப் புழுவைக் கொசுவின் உடம்புக்குள் பார்த்தவர் மேன்சன். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு இருக்கும் என்ற ஊகத்தை ராஸின் தலையில் ஏற்றி அனுப்பிவைத்தவர் அவர்தான். அதன் பிறகு இருவருக்கும் இடையே போன கடிதங்கள் நூற்றுக்கும் மேல்.

1895இல் செகந்திராபாத் வந்து வேலையைத் தொடங்கினார். கொஞ்சம் பிடி கிடைக்கும் நேரத்தில் அரசாங்க உத்தரவு வந்தது: பெங்களூரில் காலரா, உடனே போ. ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டுப் போனார். குடிநீர், சாக்கடை, குப்பை, நகராட்சி விதிகள் என்று எல்லாவற்றையும் அலசி 1896இல் ஓர் அறிக்கை எழுதினார். கொசு ஆராய்ச்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பெங்களூர்க் காலத்தை வீணான காலம் போலத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நோய் ஊருக்குள் எந்த வழியாக நுழைகிறது, எந்தத் தெருவில் அதிகம், எந்த அலுவலகத்தின் அலட்சியத்தால் அதிகம் என்று தெருத்தெருவாகப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் கைவந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டத்தில்தான் அவர் நம் நீலகிரிக்கு வந்தார். ஊட்டியிலிருந்து மைசூர் பக்கம் இறங்கும் சீகூர் கணவாய் அப்போது மலேரியாவுக்குப் பெயர் போன இடம். அங்கே சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு கொசு அவர் கண்ணில் பட்டது. மற்றக் கொசுக்களைப் போல முதுகை வளைத்து உட்காராமல், வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருந்தது. இறக்கையில் புள்ளிகள். பெயர் தெரியாததால் புள்ளி இறக்கைக் கொசு என்று குறித்துக்கொண்டார். கொய்னா சாப்பிட்டுவந்தும் அங்கே போன சில நாட்களில் அவருக்கே மலேரியா வந்து படுத்துவிட்டார். தேடி வந்த திருடனே வந்து பையைப் பறித்த மாதிரி. இந்தச் சாய்வு உட்காரலை நீங்களும் சரிபார்க்கலாம். சுவருக்கு இணையாகப் படுத்த மாதிரி உட்கார்ந்தால் பெரும்பாலும் சாதாரணச் சாக்கடைக் கொசு. ஆணி அடித்த மாதிரிச் சாய்வாக நின்றால் அனாபிலிஸ், மலேரியாக் கொசு. புழுவிலும் இந்த வித்தியாசம் உண்டு. அனாபிலிஸ் புழு தண்ணீர் மட்டத்தோடு படுக்கும், மற்றது தலைகீழாகத் தொங்கும்.

மறுபடி செகந்திராபாத். 1897 ஆகஸ்ட் மாதப் புழுக்கம். பங்கா இழுத்தால் அறுத்து வைத்த கொசுத் துண்டுகள் பறந்துவிடும், ஆகவே காற்று இல்லை. வியர்வை சொட்டிச் சொட்டி மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்தன, கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியிலும் விரிசல். ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்துக் கொசுக்களைக் கடிக்க விட்டார்கள். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. என்னைக் கேட்டால், மருத்துவ வரலாற்றிலேயே இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய வரவு வைத்த பதிவு வேறு இருக்காது. ஆகஸ்ட் 20ஆம் தேதி, கடைசியாக மிச்சம் இருந்த கொசுக்களில் ஒன்றை அறுத்தபோது, அதன் இரைப்பைச் சுவரில் கறுப்புப் பொடி தூவிய உருண்டைகள் தெரிந்தன. நோயாளியின் ரத்தத்துக் கிருமியில் இருக்கும் அதே கறுப்புப் பொடி. மறுநாள் இன்னொரு கொசுவில் பார்த்தபோது அந்த உருண்டைகள் இன்னும் பெரிதாகியிருந்தன. அதாவது, கிருமி கொசுவுக்குள் வளர்கிறது. புள்ளி இறக்கைக் கொசுதான் அது. அந்த வருட டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் செய்தி வெளியானது.

அதற்குள் மேலிடம் என்ன செய்தது தெரியுமா? அடுத்த மாதமே அவரை ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற, மலேரியா நோயாளியே கிடைக்காத ஊருக்கு மாற்றிவிட்டது! மேன்சன் லண்டனிலிருந்து யார் யாரையோ பிடித்துப் பேசி, 1898 பிப்ரவரியில் கல்கத்தாவுக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தார். கல்கத்தாவில் வேறு சிக்கல். பம்பாயில் 1896இல் பிளேக் வந்த பிறகு ஊசி என்றாலே மக்களுக்குப் பீதி. ரத்தம் எடுக்க விரலை நீட்டுவார் யாரும் இல்லை. ஆகவே பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். குருவி, கொசு, குருவி என்று சுற்றைப் பின்தொடர்ந்து, 1898 ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமியைப் பார்த்தார். அந்தக் கொசு கடித்த நல்ல பறவைகளுக்கு நோய் வந்தது. வட்டம் முடிந்தது.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கல்கத்தாவில் அவருக்குக் கொசு பிடித்துக் கொடுத்து, பறவைகளைப் பார்த்துக்கொண்டவர் முகமது பக்ஸ். மக்களிடம் பேசி வேலைக்குத் துணையாக இருந்தவர் கிஷோரி மோகன் பந்தோபாத்யாய. இவருக்குப் பின்னால் பிரிட்டிஷ் மன்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. நோபல் பரிசின் நிழலில் இந்தப் பெயர்கள் மறைந்துவிட்டன. அதே நேரத்தில் இத்தாலியில் கிராஸியும் நண்பர்களும் மனித மலேரியாவை அனாபிலிஸ் பரப்புவதை நிரூபித்தார்கள். யார் முதல் என்று இரு தரப்புக்கும் நடந்த சண்டை அசிங்கமானது, நீளமானது. அதற்குள் நான் போகவில்லை. 1902ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் போயிற்று. பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் நோபல் அது.

அவர் சறுக்கிய இடமும் உண்டு. கல்கத்தா வேலை முடிந்ததும் அசாமில் பரவிய காலா அசார் என்ற காய்ச்சலை ஆராயச் சொன்னார்கள். அதுவும் மலேரியாதான் என்று எழுதிவிட்டார். அது வேறு நோய், கிருமியும் வேறு. அந்தக் கிருமியை 1903இல் கண்டவர்களில் ஒருவர் நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இருந்த டாக்டர் சார்லஸ் டோனவன். இன்னொருவர் லீஷ்மன். ராஸ் தன் பழைய கருத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இருவர் பெயரையும் சேர்த்து அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டோனவனி என்று பெயர் வைத்ததே அவர்தான். சண்டைக்காரர் என்று பெயர் எடுத்தவரிடம் இப்படியும் ஒரு முகம் இருந்தது.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 1899இல் இந்திய வேலையை விட்டுவிட்டு லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குப் போன ராஸ், கொசுவைக் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. சியரா லியோன், சூயஸ் கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலியா என்று ஊர் ஊராகப் போய்க் கொசு ஒழிப்புக்கு வழி சொன்னார். இஸ்மாயிலியாவில் 1901இல் இரண்டாயிரம் பேர்வரை மலேரியா கண்டிருந்தது. குட்டைகளைத் தூர்த்து, சாக்கடைகளைச் சரிசெய்த பின் 1904இல் நூற்றுக்கும் கீழே இறங்கியது. எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. லாகூருக்கு அருகே மியான் மீர் என்ற ராணுவக் குடியிருப்பில் கொசு ஒழித்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. இது நடக்காத வேலை என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். ராஸுக்குக் கோபமான கோபம். நீங்கள் சுத்தம் செய்த இடம் சின்னது, சுற்றிலும் இருந்து கொசு உள்ளே வருகிறது, இதில் தோல்வி என்ற பேச்சு எங்கே வந்தது என்று கேட்டார்.

கோபத்தோடு விடாமல் கணக்கிலும் இறங்கினார். கொசு பறப்பது நேர்கோட்டில் இல்லை, அங்கும் இங்குமாக. அப்படியானால் பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கும்? பெரும்பாலானவை பிறந்த இடத்தை ஒட்டியே செத்துவிடும், மிகச் சில மட்டுமே தொலைவு போகும் என்று 1904இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த மாநாட்டில் கணக்குப்படி காட்டினார். அதாவது சுத்தம் செய்த வட்டாரத்தின் நடுவில் பலன் முழுதாகத் தெரியும், ஓரத்தில் குறைவாகத் தெரியும். வட்டாரம் பெரிதாகப் பெரிதாகப் பலன் கூடும். இந்தக் கணக்கின் கடினமான பகுதியைக் கார்ல் பியர்சன் என்ற புள்ளியியல் மேதையிடம் கொண்டுபோனார். பியர்சன் அதை 1905இல் ‘நேச்சர்’ இதழில் எல்லோருக்குமான கேள்வியாகப் போட்டார். தாறுமாறு நடை என்ற கணிதத் துறைக்கே அந்தக் கேள்வியிலிருந்துதான் பெயர் வந்தது. இன்று பங்கு விலை ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட இந்தச் சொல்லை இழுக்காமல் இருப்பதில்லை. அவர்கள் வாயில் கொசுவின் பெயர் மட்டும் வராது.

நம் சி பிளாக் காரர்கள், நாங்கள் சுத்தமாக வைத்தும் கொசு வருகிறதே என்று சொல்வது மியான் மீர் கதைதான். காம்பவுண்டுச் சுவரை ஒட்டியிருப்பதால் அவர்களுக்கு வெளியிலிருந்து வருகிறது. அதற்காகத் தொட்டியை மூடுவதை நிறுத்தினால் உள்ளே பிறப்பதும் அதோடு சேரும்.

1907, 1908இல் ராஸ் மொரீஷியஸ் தீவுக்குப் போனார். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் தமிழர்களும் பிற மாநிலத்தவர்களும் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்க் குடியேறிய தீவு. 1860களில் அங்கே நுழைந்த மலேரியா பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிருந்தது. ராஸ் அங்கே செய்த முதல் வேலை கணக்கெடுப்பு. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் குழந்தைகளுக்கு மண்ணீரல் வீங்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகக் குழந்தைகளின் மண்ணீரலைப் பார்த்து, எந்த இடத்தில் எத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டார்கள். அந்த அறிக்கையில்தான் அவருடைய முதல் சமன்பாடு வருகிறது.

அவர் காட்டிய உதாரணத்தை என் பாணியில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஆயிரம் பேர் வாழும் ஒரு கிராமம். அதில் மலேரியாக் கிருமி உள்ளவர் ஒரே ஒருவர். அவரைச் சுற்றி 48 அனாபிலிஸ் கொசுக்கள். நாலில் ஒன்றுக்குத்தான் மனிதனைக் கடிக்க வாய்ப்புக் கிடைக்கும் என்று வைத்தால், அவரைக் கடிப்பது 12. கிருமி கொசுவின் உடம்பில் முதிர ஒன்றரை வாரம் அளவுக்கு ஆகும், அதுவரை உயிரோடு இருப்பது மூன்றில் ஒன்று என்றால், மிச்சம் 4. அந்த நாலில் ஒன்று மறுபடி ஒரு மனிதனைக் கடிக்கும். ஆக 48 கொசு செலவழித்து ஒரு புதிய நோயாளி. இதற்கிடையில் பழைய நோயாளி குணமாகிவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆளுக்கு இத்தனை கொசு என்ற எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், புதிய நோயாளிகள் வருவதைவிடப் பழைய நோயாளிகள் குணமாவது கூடிவிடும். வரவு குறைந்து செலவு கூடினால் கையிருப்பு என்ன ஆகும்? மலேரியாவும் அப்படித்தான் தானாக வற்றிப்போகும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். அதுவரை எல்லோரும் சொன்ன மறுப்பு, உலகத்துக் கொசுவை எல்லாம் யார் கொல்வது என்பதுதான். எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும் என்று ராஸ் எண்ணால் காட்டிவிட்டார். பெங்களூர் அதிகாரிக்கு இருபத்தைந்து வருடம் கழித்துக் கிடைத்த பதில் அது. கொரோனாவில் ஆர் எண் ஒன்றுக்குக் கீழே வந்தால் போதும் என்றார்களே, அந்த வாதத்தின் தாத்தா இது. ராஸோடு 1901இல் சியரா லியோன் போன மெக்கென்ட்ரிக் என்ற டாக்டர், பின்னால் இந்திய மருத்துவப் பணியில் கசௌலியில் வேலை பார்த்தவர். அவர் கெர்மாக் என்பவரோடு சேர்ந்து 1927இல் இந்தக் கணக்கை எல்லாத் தொற்று நோய்களுக்கும் விரித்து எழுதினார். நோய் வரக்கூடியவர், நோய் உள்ளவர், நோயிலிருந்து மீண்டவர் என்று மக்களை மூன்று கணக்குத் தலைப்பில் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பற்று எழுதும் முறை. இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் அடிப்படையாக வைக்கிறார்கள்.

ராஸ் தன் கணக்கை நிகழ்வுகளின் கோட்பாடு என்று அழைத்தார். நோய் மட்டுமல்ல, விபத்து முதலாக மனிதர்களுக்கு நேர்கிற எதையும் இதே வழியில் எண்ணலாம் என்பது அவர் எண்ணம். 1916, 1917இல் ஹில்டா ஹட்சன் என்ற பெண் கணிதவியலாளரின் துணையோடு அதைக் கட்டுரைகளாக வெளியிட்டார். டாக்டர்களுக்குக் கணக்குப் புரியவில்லை, கணக்குக்காரர்களுக்குக் கொசுவில் ஆர்வமில்லை. அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

கணக்கு என்றால் வெறும் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வளர்ந்தது காட்டூர்ப் பக்கம், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில். சிறு வயதில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலேரியாக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் ஊழியர் சைக்கிளில் வருவார். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டு, இருந்தால் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் தேய்த்துக்கொண்டு, கசப்பு மாத்திரை கொடுத்து, வாசல் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார். டி.டி.டி. அடிக்க ஆள் வந்தால் பெண்கள் பானை சட்டிகளையும், ஆண்கள் வலைகளையும் வெளியே தூக்கிப் போடுவார்கள். கடன் வசூலுக்கு வந்த ஆள் மாதிரி அவரைக் கண்டு நாங்கள் ஓடி ஒளிவோம். அந்தக் கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பதிவேட்டில் ஒரு வரியாக ஏறி, கிராமம், வட்டம், மாவட்டம் என்று கூட்டல் போய், நாடு முழுவதுக்கான எண்ணிக்கையாகியிருக்கிறது. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் அது ஒழிப்புத் திட்டமாக மாறியதும் இந்த ஊழியர்களின் சைக்கிளில்தான் ஓடின. இப்போது அந்த வேலையின் ஒரு பகுதியை 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மாவட்ட வாரியாகச் செய்கிறது. உலக அளவில் பார்த்தால், ராஸ் உயிரோடு இருந்தபோதே, 1925இல், சர்வதேச சங்கம் சிங்கப்பூரில் ஓர் அலுவலகம் திறந்தது. ஆசியத் துறைமுகங்களில் பிளேக், காலரா, அம்மை எத்தனை என்று வாரா வாரம் தந்தியில் வாங்கி மற்றத் துறைமுகங்களுக்குச் சொல்வதே அதன் வேலை. 1948இல் வந்த உலகச் சுகாதார நிறுவனம் இந்த வேலையை எடுத்துக்கொண்டது.

கிராமத்தில் சரி, நகரத்தில் என்ன என்றால், சென்னை மலேரியா தனி ரகம். இங்கே அதைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு. அதற்குச் சாக்கடை பிடிக்காது. கிணறு, மொட்டைமாடித் தொட்டி, மூடாத சம்ப் என்று நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும், அதற்குப் பூந்தொட்டித் தட்டும் பிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டும்கூடப் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு நாள் எல்லாத் தண்ணீரையும் கொட்டிக் காயவைக்கச் சொல்கிறார்கள். புகை அடிக்கும் வண்டி வந்தால் நமக்குத் திருப்தியாக இருக்கிறது, சத்தமும் புகையுமாக ஏதோ நடந்த மாதிரி. அது பறக்கிற கொசுவைக் கொல்லும், தொட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. சங்கத்தின் பணம் புகைக்கா, தொட்டி மூடிகளுக்கும் வலைக்குமா என்று அடுத்த பொதுக்குழுவில் விவாதம் வரும்போது இந்த 48 கொசுக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராஸின் கடைசிக் காலம் அவ்வளவு இன்பமாக இல்லை. 1911இல் சர் பட்டம் கிடைத்தது. ஆனால் 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் தொடங்கிய மாதமே, மூத்த மகன் போர்க்களத்தில் இறந்தார். ராஸும் போர்க்காலத்தில் ராணுவத்துக்கு மலேரியா ஆலோசகராக இருந்தார். 1917இல் சலோனிக்கா போகும் வழியில் அவர் போன கப்பல் டார்பிடோ தாக்குதலிலிருந்து தப்பியது. பணக் கவலை அவரை விடவே இல்லை. இத்தனை உயிரைக் காப்பாற்றும் வழியைக் கண்டுபிடித்தவனுக்கு அரசாங்கம் ஒரு தொகை கொடுக்க வேண்டாமா, அந்தக் காலத்தில் அம்மைத் தடுப்பைக் கண்டுபிடித்த ஜென்னருக்குப் பார்லிமென்ட் கொடுத்ததே என்று மனுப் போட்டார். கிடைக்கவில்லை. அந்த மனுவில் பேராசை இருந்தது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பென்ஷன் கணக்குப் பார்த்து மாதத்தை ஓட்டும் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கண்டுபிடித்தவனுக்கு ஒரு பங்கு உண்டு என்று கேட்டதில் என்ன தவறு?

1926இல் லண்டன் புட்னியில் அவர் பெயரில் ராஸ் ஆராய்ச்சி நிலையமும் மருத்துவமனையும் திறந்தார்கள். 1927 ஜனவரியில் மறுபடி இந்தியா வந்தார். கல்கத்தாவில் அவர் வேலை பார்த்த மருத்துவமனைச் சுவரில் நினைவு வாயில் திறக்கப்பட்டபோது அங்கே நின்றிருந்தார். இந்தியாவை விட்டுப் போய் இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. அடுத்த வருடம், 1928இல், தன் கடிதங்கள், குறிப்பேடுகள், ஆராய்ச்சித் தாள்கள் எல்லாவற்றையும் விற்பனைக்கு என்று விளம்பரம் செய்தார். ஹூஸ்டன் சீமாட்டி என்ற செல்வந்தர் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். 1931இல் மனைவி ரோசா இறந்தார். 1932 செப்டம்பர் 16 அன்று, தன் பெயர் தாங்கிய அந்த நிலையத்திலேயே ராஸ் காலமானார். புட்னி வேல் இடுகாட்டில் மனைவியின் பக்கத்தில் புதைத்தார்கள். அவர் தாள்களில் ஒரு பகுதி இன்று லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலும், இன்னொரு பகுதி கிளாஸ்கோவிலும் இருக்கின்றன.